ஒன்பது பேர் சரியாக இருந்தார்கள்

ஒரு புதிர்.

ஒன்பது பேர் மலை ஏறினார்கள். பாதி வழியில் எண்ணியபோது ஒன்பது பேர் இருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோதும் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களோடு வந்த ஒரு குழந்தை காட்டில் தொலைந்துபோயிருந்தது.

எப்படி?

எண்ணியவர் தப்பாக எண்ணவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பேய், பிசாசு, மந்திரம் எதுவும் இதில் கிடையாது.

யோசித்துக்கொண்டே வாருங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

*

கடற்கரையில் நின்று பார்த்தால் அந்த மலை தெரியாது. மேகம்தான் தெரியும். அதனால் அதற்கு மூடுமலை என்று பெயர். வருடத்தில் ஏழு மாதம் அங்கே மழை.

மூடுமலையில் நடக்க வருகிறவர்களை வழிகாட்டிகள்தான் கூட்டிப்போவார்கள். வழிகாட்டி ஆக விரும்புகிறவர், பழைய வழிகாட்டி ஒருவரோடு ஒரு மழைக்காலம் முழுக்க நடக்க வேண்டும். அது அங்குள்ள வழக்கம்.

ஏசுவடியான் அப்படி நடக்க வந்தவர். வயது அறுபத்தொன்று. முப்பத்துமூன்று வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் செண்பகவல்லி. வயது முப்பத்துநான்கு. ஏசுவடியானின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர்.

ஏசுவடியான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். செண்பகவல்லி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை.

நான்கு மாதம் கூடவே நடந்த பிறகு ஏசுவடியான் ஒரு நாள் கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டாக் கோவப்பட மாட்டியளே?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நிக்கிற இடத்துல எல்லாம் ஒவ்வொருத்தர் கையையும் பிடிக்கிய. அட்டை கடிச்சிதான்னு கேக்கிய. காலையில என்ன சாப்பிட்டியன்னு கேக்கிய. ஒன்பது பேருக்குக் கால்மணி நேரம் ஆவுது."

"ஆமா."

"எதுக்கு?"

"எல்லாரும் இருக்காங்களான்னு பாக்கதுக்கு."

ஏசுவடியானுக்குச் சிரிப்பு வந்தது.

"அதுக்கு எண்ணுனாப் போதுமே! அறுபத்தெட்டுப் பேர் நெருக்கிக்கிட்டு நிக்கிற பஸ்ஸு. முன்படியில இருந்து பின்படிக்குப் போறதுக்குள்ள எண்ணிருவேன். முப்பத்துமூணு வருசத்துல ஒரு தலை பிசகினது கிடையாது."

"அவங்கள்ல யார் மூஞ்சியாவது ஞாபகம் இருக்கா?"

"மூஞ்சி எதுக்கு டீச்சர்? டிக்கெட் இருக்குல்லா?"

செண்பகவல்லி எழுந்தார். ஏசுவடியானுக்கு எதிரே வந்தார். திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏசுவடியானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது என்ன?"

"அடுத்த நடையில நீங்க கடைசி ஆள்" என்றார் செண்பகவல்லி.

*

காட்டில் வரிசையாகத்தான் நடக்க வேண்டும். முன்னால் ஒரு வழிகாட்டி. பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவருக்குக் கடைசி ஆள் என்று பெயர்.

கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அந்த வேலை.

ஏசுவடியான் வீட்டுக்குப் போன் செய்தார்.

"எனக்குப் பின்படிக்கட்டுல டூட்டி போட்டுட்டாங்க!"

*

அந்த நடைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள். கோவில்பட்டியிலிருந்து அண்ணன் தம்பி இருவர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் திருக்குமரன். அவருடைய மகள் நறுமுகை.

நறுமுகைக்கு ஒன்பது வயது.

அடிவாரத்துக் கடையில் மழைக்கோட்டு ஒரே நிறத்தில்தான் கிடைக்கும். நீலம். தலைமூடியோடு முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும். ஒன்பது பேரும் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

திருக்குமரனுக்கு முழங்கால் வலி. அவர் கம்பு ஊன்றிக்கொண்டு செண்பகவல்லியின் பின்னாலேயே நடந்தார்.

நறுமுகை ஏசுவடியானுக்கு முன்னால் நடந்தாள். அவரை அவளுக்குப் பிடித்துவிட்டது.

"கண்டக்டர் தாத்தா, உங்க பஸ்ல ஆடு ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு."

"அதுக்கு டிக்கெட் உண்டா?"

"உண்டு."

"அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"லக்கேஜ்."

"குட்டி ஆட்டுக்கு?"

ஏசுவடியான் சிரித்தார். முதல் ஒரு மணி நேரம் அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டாவது மணி நேரம் "ம்" என்று சொன்னார்.

நறுமுகை நிறுத்தவில்லை. மேகத்துக்குள் நடந்தால் மேகத்தை மிதிக்கிறோமா என்று கேட்டாள். தன் வகுப்பில் இரண்டு சஞ்சனாக்கள் இருப்பதைச் சொன்னாள். இடது ஷூ வாயைத் திறக்கிறது என்றாள். அட்டைக்குப் பல் உண்டா என்று கேட்டாள். தனக்கு நாய் வளர்க்க ஆசை, அப்பா விடமாட்டார் என்றாள்.

"ம்."

"நான் என்ன சொன்னேன் சொல்லுங்க?"

ஏசுவடியான் அப்போது வளைவில் தெரிந்த நீலத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு...

"பாப்பா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நட. எனக்கு எண்ணிக்கை விட்டுப்போவுது."

நறுமுகை வாயை மூடிக்கொண்டாள்.

*

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. சின்ன மழை இல்லை. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாத மழை.

பாதி வழியில் குடைப்பாறை இருக்கிறது. குடை மாதிரி முன்னால் நீண்ட பெரிய பாறை. அடியில் முப்பது பேர் ஒதுங்கலாம். அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது. ஒன்று மேலே ஏறி இரவு தங்கும் முகாமுக்குப் போகும். இன்னொன்று கீழே இறங்கிச் சங்கிலியாற்றுக்குப் போகும்.

இவர்கள் போனபோது அங்கே வேறு ஒரு கூட்டம் ஒதுங்கியிருந்தது. பதினான்கு கல்லூரி மாணவர்கள், அவர்களுடைய ஆசிரியர் ஒருவர். வழிகாட்டி பூதலிங்கம். இவர்கள் மேலே போகிறவர்கள். அவர்கள் கீழே இறங்குகிறவர்கள்.

மாணவர்களும் நீல மழைக்கோட்டுதான் போட்டிருந்தார்கள். கடை ஒன்றுதானே.

பாறைக்கு அடியில் இருபத்துமூன்று நீலத் தலைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அட்டை பிடுங்கினார்கள். உப்புத் துணியைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, ஆத்துல தண்ணி ஏறிரும். நான் கிளம்புதேன்" என்றார் பூதலிங்கம்.

அவர் தன் ஆட்களை எண்ணினார். பதினான்கு. சரியாக இருந்தது. கீழ்ப்பாதையில் இறங்கினார்கள். ஒரு நிமிடத்தில் மேகம் அவர்களை மூடிவிட்டது.

செண்பகவல்லி வழக்கமாக அந்த இடத்தில் எல்லோருடைய கையையும் பிடிப்பார்.

அன்று மழை. திருக்குமரனின் முழங்கால் வீங்கியிருந்தது. செண்பகவல்லி அதற்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கேட்டார்.

"அண்ணாச்சி, ஆள் சரியா?"

ஏசுவடியான் பாறையின் ஓரத்தில் போய் நின்றார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு தோளையும் தட்டி எண்ணினார்.

"ஒன்பது! ரைட், போலாம்!"

*

மேற்பாதையில் இரண்டு மணி நேர ஏற்றம். மேகம் அடர்த்தியாக இருந்தது. முன்னால் போகிற ஒரு முதுகுதான் தெரியும்.

ஏசுவடியானுக்கு முன்னால் சின்ன நீல முதுகு போய்க்கொண்டிருந்தது. தலைமூடியை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, காலைப் பார்த்து நடந்தது. பேசவே இல்லை.

ஏசுவடியானுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"இப்படித்தான் இருக்கணும். சமத்து" என்றார்.

பதில் இல்லை. கோபம் போல என்று நினைத்துக்கொண்டார்.

பையில் இருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து முன்னால் நீட்டினார். நீலக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை பின்னால் வந்து அதை வாங்கிக்கொண்டது.

கோபம் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

*

முகாமில் ஒரே ஒரு பெரிய அறை. ஓட்டுக் கூரை. எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். ஏசுவடியான் வாசலில் நின்று எண்ணினார்.

"ஒன்பது டீச்சர். ஒரு தலை பிசகல."

திருக்குமரன் பையிலிருந்து துண்டை எடுத்தார்.

"நறு, இங்க வா. தலையைத் துவட்டு."

யாரும் வரவில்லை.

"நறு!"

ஏசுவடியான் தனக்கு முன்னால் நின்ற சின்ன நீலக் கோட்டின் தோளைத் தட்டினார்.

"அப்பா கூப்பிடுதாருல்லா, போ பாப்பா."

கோட்டு திரும்பியது. தலைமூடி பின்னால் போனது.

இருபது வயதுப் பெண் ஒருத்தி. மூக்குக்கண்ணாடி முழுக்க நீர். வாயில் மிட்டாய்.

"நீங்க யாரு?" என்றார் ஏசுவடியான்.

"நீங்க யாரு?" என்றாள் அவள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பூதலிங்கம் சார் எங்க?"



திருக்குமரன் ஒவ்வொருவராகப் போய்த் தலைமூடியைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. வங்கிப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். கடைசித் தலைமூடியையும் தள்ளிய பிறகு அவர் முதலில் இருந்து மறுபடியும் பார்த்தார்.

"என் பொண்ணு எங்க?"

ஏசுவடியானின் உதடுகள் அசைந்தன. அவர் மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார்.

*

அந்தப் பெண்ணின் பெயர் ஷெரின். ஆள் குள்ளம். நான்கரை அடிதான் இருப்பாள். பாறைக்கு அடியில் அட்டை பிடுங்கியதில் தன் கூட்டம் கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை. பிறகும் காலில் ஏறும் அட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்ததாகச் சொன்னாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"ஆத்துல தண்ணி ஏறிருச்சு, அதான் திரும்ப மேல போறோம்னு நினைச்சேன். எனக்குப் பின்னால எங்க சார் வர்றாருன்னு நினைச்சேன். மிட்டாய் வேற குடுத்தாரு."

ஒரு நீலம் இங்கே வந்துவிட்டது. ஒரு நீலம் அங்கே போய்விட்டது. இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது.

புதிருக்கு விடை இதுதான். கதை இன்னும் முடியவில்லை.

*

திருக்குமரன் வாசலுக்கு ஓடினார். முழங்கால் மடங்கிப் படியில் விழுந்தார். கோவில்பட்டி அண்ணன் தம்பி அவரைத் தூக்கினார்கள்.

"அவரை வெளிய விட்றாதீங்க" என்று செண்பகவல்லி அவர்களிடம் சொன்னார். கயிற்றையும் டார்ச்சையும் எடுத்தார். "அண்ணாச்சி, வாங்க."

"எனக்குக் காலு நடுங்குது டீச்சர்."

"நடுங்கட்டும். வாங்க."

இரண்டு மணி நேரம் ஏறிய பாதையை ஒரு மணி நேரத்தில் இறங்கினார்கள். ஏசுவடியான் நான்கு முறை வழுக்கி விழுந்தார். நான்கு முறையும் தானே எழுந்தார்.

"டீச்சர், அவ அந்தக் கூட்டத்தோட பத்திரமா இருப்பாள்லா?"

"இருக்கணும்."

"பூதலிங்கம் பாத்துக்கிடுவான்லா?"

"அவ அங்க இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சாத்தானே அண்ணாச்சி."



"என்னையத் திட்டுங்க டீச்சர்."

"அங்க கையைப் பிடிக்க வேண்டியவ நானு. பிடிக்கல. வேகமா நடங்க."

*

குடைப்பாறையில் யாரும் இல்லை.

கீழ்ப்பாதையில் திரும்பினார்கள். முக்கால் மணி நேரம் நடந்திருப்பார்கள். எதிரே ஒரு ஆள் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். பூதலிங்கம்.

ஏசுவடியானுக்கு உயிர் வந்தது.

"அக்கா!" என்று பூதலிங்கம் கத்தினார். "என் கூட்டத்துப் பிள்ளை ஒண்ணு உங்ககிட்ட இருக்கா? கண்ணாடி போட்டவ?"

"இருக்கா. முகாம்ல இருக்கா."

பூதலிங்கம் நெஞ்சில் கையை வைத்தார். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பாப்பா உன்கிட்டதானே?" என்றார் செண்பகவல்லி.

பூதலிங்கம் அண்ணாந்து பார்த்தார்.

"எந்தப் பாப்பா?"

*

ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதால் அவருடைய கூட்டம் இக்கரையிலேயே நின்றுவிட்டது. அங்கே போய்த்தான் அவர் மறுபடியும் எண்ணினார். பதின்மூன்று. ஷெரின் இல்லை என்பது தெரிந்தது. மற்றவர்களை ஆசிரியரிடம் விட்டுவிட்டு ஏறி வந்தார். நடுவில் ஒரு குழந்தை தன் கூட்டத்தில் வந்தது அவருக்குத் தெரியாது. அது நடுவிலேயே போய்விட்டது என்பதும் தெரியாது.

பூதலிங்கம் ஆற்றிலிருந்து மேலே வந்திருக்கிறார். இவர்கள் பாறையிலிருந்து கீழே வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவே பாதையில் யாரும் இல்லை.

மூன்று பேரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மழை அவர்கள் குரலைப் பத்தடிக்கு மேல் போகவிடவில்லை.

செண்பகவல்லி ஏசுவடியானின் கையைப் பிடித்தார். இரண்டு கையையும்.

"அண்ணாச்சி. காலையில அவ உங்ககிட்ட என்ன பேசினா?"

"எவ்வளவோ பேசினா."

"சொல்லுங்க."

"ஆட்டுக்கு டிக்கெட் உண்டான்னு கேட்டா."

"அப்புறம்?"

"மேகத்தை... மேகத்தை மிதிக்கிறோமான்னு கேட்டா."

"அப்புறம்?"

ஏசுவடியான் கண்ணை மூடினார். அவருக்கு ஒன்பது என்பது ஞாபகம் இருந்தது. வளைவில் ஆறு, ஏழு என்று எண்ணியது ஞாபகம் இருந்தது. இடையில் ஒரு சின்னக் குரல் ஓடிக்கொண்டே இருந்ததும் ஞாபகம் இருந்தது. வார்த்தைகள் இல்லை.

"டீச்சர், எனக்கு வரல."

"வரும். நான் பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு பொண்ணு. ஒரே பேரு. நாய் வேணும்னா. அட்டைக்குப் பல்லு..." அவர் நின்றார். "ஷூ."

"என்ன ஷூ?"

"வாயைத் திறக்குதுன்னா. இடது கால் ஷூ. நான் ம்னு சொன்னேன்."

பூதலிங்கம் துள்ளி எழுந்தார்.

"இடது காலா?"

"ஆமா."

"ஏலத்தோட்டத் திருப்பத்துல சின்னதா ஒரு வெறுங்கால் தடம் பாத்தேன். நம்ம மலையாட்கள் பிள்ளைங்க யாராவது போயிருக்கும்னு நினைச்சேன். டவுன்ல இருந்து வாரவங்க வெறுங்காலோட நடக்க மாட்டாங்களே."

"ரெண்டு காலுமா?" என்றார் ஏசுவடியான்.

பூதலிங்கம் பதில் சொல்வதற்கு முன்பே செண்பகவல்லி ஓட ஆரம்பித்திருந்தார்.

*

ஏலத்தோட்டப் பாதை முன்பு வேலையாட்கள் போனது. தோட்டம் மூடிப் பல வருடம் ஆகிறது. இப்போது அதில் யானைதான் போகும்.

சேற்றில் தடம் இருந்தது. வலது காலுக்கு ஷூ. இடது காலுக்கு ஐந்து விரல்.

மூன்று பேரும் தடத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு இடத்தில் தடத்தின் மேல் இன்னொரு தடம் விழுந்திருந்தது. முறம் அளவு. வட்டமாக. அதில் தண்ணீர் இன்னும் முழுதாக நிறையவில்லை.

செண்பகவல்லி நடையை நிறுத்தவில்லை. ஏசுவடியான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஜெபமா என்று பூதலிங்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஆடு. மேகம். சஞ்சனா. ஷூ. அட்டை. நாய்" என்று ஏசுவடியான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவு திரும்பினார்கள்.

பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம், பாதையின் நடுவில், ஒரு சின்ன நீலக் குவியல் இருந்தது.

குவியலுக்குச் சுற்றிலும் இருந்த செடிகள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன. நசுங்கல் பாதையை விட்டு இறங்கி, குவியலை அரைவட்டமாகச் சுற்றி, மறுபடியும் பாதையில் ஏறிப் போயிருந்தது.

ஏசுவடியானால் அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை.

செண்பகவல்லி போய் மண்டியிட்டார். தலைமூடியைத் தூக்கினார்.

"நீங்க ரொம்ப லேட்டு" என்றாள் நறுமுகை.

*

கழன்ற இடது ஷூவை அவள் மடியில் வைத்திருந்தாள். காலில் கீறல். பதினோரு அட்டை. வேறு ஒன்றும் இல்லை.

குடைப்பாறையில் அப்பா மாதிரி கம்பு வைத்திருந்த ஒருவர் பின்னால் போனதாகச் சொன்னாள். கொஞ்ச தூரத்தில் அவர் பாட்டுப் பாடினார். அப்பா பாட மாட்டார். அதனால் திரும்பிவிட்டாள்.

"அவங்ககிட்ட ஏன் சொல்லல பாப்பா?" என்று பூதலிங்கம் கேட்டார்.

"தெரியாதவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு."

திரும்பி ஏறும்போது பாதை மாறிவிட்டது. விழுந்த மரத்தைப் பார்த்ததும் இது வந்த வழி இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

"அதான் நடுவுல உக்காந்துட்டேன். ஓரமா உக்காந்தா நீங்க பாக்காமப் போயிருவீங்க. நடுவுல உக்காந்தா மிதிக்காமப் போக முடியாதுல்ல?"

"யானை வந்துதா?" என்றார் செண்பகவல்லி மெதுவாக.

"வந்துச்சு. ரொம்பப் பெருசு. மூச்சு விட்டுச்சு. அப்புறம் அது சுத்திப் போயிருச்சு."

அவள் ஏசுவடியானைப் பார்த்தாள். அவர் இன்னும் வளைவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அவரு ஏன் அங்கயே நிக்கிறாரு?"

செண்பகவல்லி அவளைத் தூக்கிக்கொண்டு அவர் நின்ற இடத்துக்கு நடந்தார்.

*

பூதலிங்கம் தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போனார். மற்ற மூன்று பேரும் முகாம் வந்து சேர்ந்தபோது அங்கே விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

திருக்குமரன் மகளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. பிறகு எழுந்தார். நொண்டிக்கொண்டே ஏசுவடியானின் எதிரே வந்து நின்றார்.

"உங்களை நம்பித்தானே விட்டேன்?"

"ஆமா சார்."

"ரெண்டு மணி நேரம். உங்க மூக்குக்கு முன்னால வேற ஒரு ஆள் நடந்திருக்கு."

"ஆமா சார்."

"எப்படிங்க தெரியாமப் போகும்?"

"எண்ணிக்கை சரியா இருந்துது சார்."

திருக்குமரன் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தானும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையை இறக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நறுமுகை மட்டும் இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தாள்.

*

காலையில் மழை விட்டிருந்தது. ஷெரினைப் பூதலிங்கத்திடம் விட்டுவிட்டு எல்லோரும் இறங்க வேண்டும்.

ஏசுவடியான் பையைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லியிடம் வந்தார். அவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், நான் நடுவுல எங்கயாவது நடந்து வந்துருதேன். கீழ போனதும் வீட்டுக்குப் போயிருதேன். இது எனக்கு வராது."

செண்பகவல்லி பால் விடாத கொதிக்கிற கட்டங்காப்பியை டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"சொல்லுங்க டீச்சர். எனக்கு வருமா, வராதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொல்லிக்குடுக்கிய?"

"உங்களுக்கு முன்னால நடந்தது நான் இல்லையே அண்ணாச்சி."

செண்பகவல்லி திரும்பினார். நறுமுகை படியில் உட்கார்ந்து, கிழிந்த ஷூவைச் சுற்றிச் சணல் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இன்னைக்கு உனக்குப் பின்னால யாரு வரணும்?"

"நான் வரேன்" என்றார் திருக்குமரன். "வேற யாரும் வேண்டாம். கால் போனாப் பரவாயில்ல."

"நான் அவகிட்டக் கேட்டேன் சார்."

வங்கிப் பெண்கள் பையைக் கட்டுவதை நிறுத்தினார்கள்.

"அப்பா வரலாம். நான் வரலாம். இந்த பேங்க் அக்கா வரலாம்" என்றார் செண்பகவல்லி. "யார் வேணும்னாலும் வரலாம். நீ சொல்லு."

ஏசுவடியான் தலையைக் குனிந்துகொண்டார்.

நறுமுகை கயிற்றில் முடிச்சுப் போட்டு முடித்தாள். நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். செண்பகவல்லியைப் பார்த்தாள்.

கண்டக்டர் தாத்தா வரட்டும் என்றாள்.